மேடையில் பேசக் கற்றுக்கொள்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி ஆசிரியர்கள், சங்கப் பொறுப்பாளர்கள், சுயஉதவிக் குழுப் பெண்கள், அலுவலக ஊழியர்கள் எனப் பலரோடும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அமர்ந்து பேச்சுப் பயிற்சி செய்து வருகிறேன். வருகிறவர்களின் தொழிலும் வயதும் வேறுபட்டாலும் அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சரியென்று நம்புகிற விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

மேடை ஏறினாலே கைகால் நடுங்குகிறது, நாக்கு வறண்டுவிடுகிறது. என்னால் பேச்சாளராக முடியுமா?

முடியும். நடுக்கம் திறமைக் குறைவின் அடையாளம் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் முதல் முயற்சியிலேயே விலகிவிடுகிறார்கள். பலர் நம்மையே உற்றுப் பார்க்கும்போது உடல் அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரினலினைச் சுரக்கிறது. அதனால் இதயம் வேகமாக அடிக்கிறது, உமிழ்நீர் குறைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. நாய் துரத்தும்போது ஓடுவதற்கு உதவுகிற அதே ஏற்பாடுதான் இது. பேசத் தொடங்கிச் சிறிது நேரத்தில் பெரும்பாலோருக்கு இது தானாகவே தணியத் தொடங்கும். ஆகவே முதல் இரண்டு மூன்று நிமிடங்களைக் கடப்பதற்கு மட்டும் தனியாக ஆயத்தம் செய்துகொண்டால் போதும்.

இவ்வகையில் காந்தியின் வாழ்க்கையை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. லண்டனில் சட்டம் படித்த காலத்தில் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் இருந்த அவர், தம் கருத்தை எழுதி எடுத்துச் சென்றும் அதை வாசிக்கத் துணிவில்லாமல் வேறொருவரை வாசிக்க வைத்தார். 1891-ல் நாடு திரும்புவதற்கு முன் அவரே ஏற்பாடு செய்த பிரிவு விருந்தில் முதல் வாக்கியத்துக்கு மேல் நகர முடியவில்லை. பம்பாயின் சிறு வழக்கு நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்று, தலை சுற்றி, ஒரு கேள்வியும் கேட்க வராமல் அமர்ந்துவிட்டு, வாங்கிய 30 ரூபாய்க் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இவற்றையெல்லாம் அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதே மனிதர் 1893-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களின் கூட்டத்தைக் கூட்டி, வணிகத்தில் உண்மையோடு நடப்பதைப் பற்றிப் பேசினார். அதைத் தம் வாழ்வின் முதல் பொதுப் பேச்சு என்றே அவர் குறிப்பிடுகிறார். இடைப்பட்ட காலத்தில் அவர் எந்தப் பேச்சுப் பயிற்சிக்கும் போகவில்லை. ஆனால் இம்முறை எதிரே இருந்தவர்கள் யார், அவர்களுடைய நாளாந்த வாழ்வில் எது சிக்கல், அதைப் பற்றித் தமக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மாற்றம் அங்கிருந்து வந்தது என்பது என் கருத்து.

அச்சம் முழுவதுமாகப் போக என்ன வழி?

முழுவதுமாகப் போகாது, போகவும் வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுகள் மேடை கண்டவர்களும் தம் பெயரை அழைக்கும் நொடியில் வயிற்றில் ஒரு கலக்கம் இருப்பதாகவே சொல்கிறார்கள்.

திருக்குறளில் அவை அறிதல் 72ஆம் அதிகாரமாகவும் அவை அஞ்சாமை 73ஆம் அதிகாரமாகவும் அமைந்திருக்கின்றன. இந்த வரிசையைத்தான் நான் பயிற்சியில் பின்பற்றுகிறேன். அவையை அறிந்துகொண்டவனுக்கு அஞ்சாமை பின்னாலேயே வருகிறது. அவையை அறியாமல் அஞ்சாமையை மட்டும் வரவழைத்துக்கொள்ள முயல்கிறவர்கள் கண்ணாடி முன் நின்று தம் முகத்தையே பார்த்துப் பழகுகிறார்கள். மேடைக்குப் போன பிறகும் தம் முகம் எப்படி இருக்கிறது, கை எங்கே இருக்கிறது, சட்டை கசங்கியிருக்கிறதா என்று தம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அச்சம் வளர்வதற்கு இதைவிட நல்ல நிலம் கிடையாது. கவனத்தை நம்மிடமிருந்து எடுத்து எதிரே அமர்ந்திருப்பவர் மேல் வைப்பதுதான் நான் கண்ட ஒரே நிலையான மருந்து.

இதற்குத் துணையாக இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். 2003-ல் உளவியலாளர்கள் சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் வெளியிட்ட ஆய்வின்படி, பேசுகிறவர் தம் பதற்றம் வெளியே தெரிவதாக எண்ணும் அளவுக்கு அது கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லப்பட்ட மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். 2014-ல் ஆலிசன் வுட் புரூக்ஸ் செய்த ஆய்வில், பேசுவதற்கு முன் ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டவர்கள் சிறப்பாகப் பேசியதாக மதிப்பிடப்பட்டார்கள். துடிக்கிற இதயத்தை அடக்க முயல்வதைவிட, அந்தத் துடிப்புக்கு வேறு பெயர் வைப்பது எளிது.

உடலுக்கென்று ஒன்றைச் செய்ய விரும்பினால் மூச்சைக் கவனியுங்கள். நாற்காலியில் காத்திருக்கும்போது நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும்.

மனிதர்கள் சாவைவிட மேடைப் பேச்சுக்கே அதிகம் அஞ்சுகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

இது 1973-ல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒரு கருத்துக்கணிப்பிலிருந்து பரவிய செய்தி. அஞ்சுகிற விஷயங்களையெல்லாம் ஒரு பட்டியலில் குறிக்கச் சொன்னபோது 41 சதவீதம் பேர் பலர் முன் பேசுவதையும், 19 சதவீதம் பேர் சாவையும் குறித்தார்கள். எத்தனை பேர் அஞ்சுகிறார்கள் என்பதைத்தான் அது காட்டியது. எதற்கு அதிகம் அஞ்சுகிறார்கள் என்று எவரும் அங்கே கேட்கவில்லை. பயிற்சி வகுப்புகளை விற்கிறவர்கள் இதை இன்றும் சொல்லிவருவதால், வருகிறவர்கள் தம் அச்சத்தைப் பெரிய நோயாக எண்ணிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அவையை அறிவது என்கிறீர்கள். நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எங்களிடம் வந்த கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒருவருக்கு, அரசுப் பள்ளி மாணவியரிடம் இரத்தசோகை பற்றிப் பேச வேண்டியிருந்தது. ஆறு பக்கம் எழுதி வந்தார். ஹீமோகுளோபின் என்றால் என்ன என்பதில் தொடங்கி, இரத்தசோகையின் வகைகள், அரசுத் திட்டங்கள், புள்ளிவிவரங்கள் என்று எல்லாம் சரியாக இருந்தது. வாசித்துக் காட்டும்போது தாள் படபடவென்று ஆடியது.

தாளை வாங்கி வைத்துவிட்டு, ‘முதல் வரிசையில் உட்காரப் போகிறவர்கள் யார்?’ என்று கேட்டேன். எட்டாம் வகுப்புப் பெண்கள் என்றார். அவர்களில் எத்தனை பேர் காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள், வாரம் ஒருமுறை கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையை என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, பாதிப் பேர் வெறும் டீ குடித்துவிட்டு வருவார்கள் என்றும், வயிற்றைப் புரட்டுகிறது என்று மாத்திரையைச் சன்னல் வழியாக எறிந்துவிடுவார்கள் என்றும், மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு என்றும் அடுக்கினார். சொல்லச் சொல்ல அவர் குரல் நிமிர்ந்தது. தாள் இல்லாமல் பத்து நிமிடம் பேசிவிட்டதை அவர் உணரவே இல்லை.

பேச்சை அங்கிருந்து திரும்பக் கட்டினோம். ‘மாடிப்படி ஏறி வகுப்புக்கு வருவதற்குள் உங்களில் யாருக்கெல்லாம் மூச்சு வாங்குகிறது?’ என்ற கேள்வியோடு தொடங்குவது; மாத்திரையை ஏன் எறிகிறார்கள் என்பதை அவரே சொல்லிவிடுவது; சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும், மலம் கறுப்பாவதில் தீங்கில்லை, மாத்திரையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது, நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும் என்று நான்கே செய்திகளைச் சொல்வது. ஆறு பக்கம் ஒரு பக்கமானது.

ஆகவே அழைப்பு வந்தவுடன் தலைப்பை மட்டும் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிடாதீர்கள். வருகிறவர்கள் யார், எத்தனை பேர், அவர்களுக்கு இது பற்றி முன்பே எவ்வளவு தெரியும், நமக்கு முன்னால் யார் பேசுகிறார், நிகழ்ச்சி சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய், வந்து அமர்ந்திருப்பவர்களில் நான்கு பேரிடமாவது ஊர், தொழில் விசாரித்துப் பேசிவிடுங்கள். மேடையில் நின்று பார்க்கும்போது அந்த நான்கு முகங்களும் தெரிந்த முகங்களாக இருக்கும். அவர்களில் ஒருவர் சொன்ன செய்தியே சில நேரம் நல்ல தொடக்கமாகவும் அமைந்துவிடும்.

பேச்சை எழுதி மனப்பாடம் செய்துகொள்ளலாமா?

எழுதுங்கள், மனப்பாடம் செய்யாதீர்கள்.

நம்மில் பெரும்பாலோருக்கு மேடையின் முதல் நினைவு பள்ளிப் பேச்சுப் போட்டிதான். நான் எட்டாம் வகுப்பில் சுதந்திர தின விழாவுக்குப் பேசினேன். பேச்சை எழுதிக் கொடுத்தவர் ஓர் ஆசிரியர். அதிலிருந்த பல சொற்களுக்கு எனக்குப் பொருளே தெரியாது. மூன்றாவது பத்தியில் ‘ஆகவே’ என்று சொன்னேன். அதற்கு அடுத்த சொல் வரவில்லை. மறுபடியும் ‘ஆகவே’ என்றேன். மூன்றாம் முறையும் அதையே சொன்னபோது பின் வரிசையில் சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு பதினொரு ஆண்டுகள் நான் எந்த மேடையிலும் ஏறவில்லை. அன்று எனக்குக் கருத்து மறக்கவில்லை, ஏனென்றால் கருத்து என்னிடம் இருந்ததே இல்லை. இருந்தவை சொற்கள் மட்டும், அவற்றில் ஒன்று நழுவியதும் சங்கிலி முழுவதும் அறுந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் பெற்றோரும் ஆசிரியரும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே வேண்டிக்கொள்கிறேன். பிள்ளை தன் சொற்களில் மூன்று வாக்கியம் பேசினாலும் அது அதன் பேச்சு.

நான் இப்போது செய்வது இதுதான். முதலில் முழுவதையும் எழுதுவேன். எழுதும்போதுதான் எது தெளிவாகத் தெரியும், எது தெரிந்ததுபோல் இருக்கிறது என்பது பிடிபடும். பிறகு அதை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சொல் என்று ஐந்தாறு சொற்களை உள்ளங்கை அளவுள்ள அட்டையில் எழுதிக்கொள்வேன். அந்த அட்டையை வைத்துக்கொண்டு, நடந்தபடியே, வாய்விட்டு, குறைந்தது ஐந்து முறை பேசிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் வாக்கியங்கள் மாறும். அப்படி மாற வேண்டும்; ஒரே கருத்தை ஐந்து விதமாகச் சொல்லிப் பழகியவருக்கு ஒரு சொல் மறந்தால் வேறு நான்கு சொற்கள் கைவசம் இருக்கும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் சொல் பிசகாமல் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். மேற்கோள்கள், ஆண்டுகள், எண்கள், பெயர்கள் இவற்றைத் தாளில் பார்த்தே சொல்லுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

எப்படித் தொடங்குவது? மேடையில் இருப்பவர்கள் பெயரையெல்லாம் சொல்லத்தான் வேண்டுமா?

நம் மேடைகளில் விளிப்பதற்கே ஐந்து நிமிடம் போய்விடுகிறது. தலைமை ஏற்றிருக்கும், முன்னிலை வகிக்கும், வாழ்த்துரை வழங்கிய, வழங்கவிருக்கிற என்று ஒவ்வொருவரையும் பட்டத்தோடும் பதவியோடும் சொல்லி முடிப்பதற்குள், கேட்பவர் தம் கைப்பேசியைக் கையில் எடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகு அவரை மீட்பது கடினம். ஆனால் பெயர் சொல்லாமல் விட்டால் வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால், மரியாதையை அடியோடு விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வரவேற்புரை நிகழ்த்துகிறவர் எல்லாப் பெயர்களையும் சொல்வது அவர் கடமை. அடுத்துப் பேசுகிறவர் தலைவரை மட்டும் பெயர் சொல்லி விளித்து, மற்றவர்களை ‘மேடையில் இருக்கும் பெரியோர்களே, எதிரே அமர்ந்திருக்கும் நண்பர்களே’ என்று ஒரே மூச்சில் வணங்கிவிட்டு விஷயத்துக்குள் போய்விடலாம்.

‘எனக்குப் பேசவே தெரியாது’, ‘திடீரென்று கூப்பிட்டுவிட்டார்கள்’, ‘இவ்வளவு பெரியவர்கள் முன்னால் நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்’ என்ற தொடக்கங்களை விட்டுவிடுங்கள். பணிவென்று நினைத்துச் சொல்கிறோம். கேட்பவருக்கோ, நேரம் வீணாகப் போகிறது என்ற முன்னறிவிப்பாக அது படுகிறது. ஒரு கேள்வி, நேரில் கண்ட ஒரு காட்சி, அந்த ஊருக்கே உரிய ஒரு செய்தி, இவற்றில் ஒன்றோடு தொடங்கினால் போதும்.

எவ்வளவு நேரம் பேசலாம்?

கொடுத்த நேரத்தைவிட ஒரு நிமிடம் குறைவாக. பத்து நிமிடம் என்றால் எட்டு நிமிடத்துக்கு ஆயத்தம் செய்யுங்கள். மேடையில் அது எப்படியும் நீளும். துண்டுச் சீட்டு வந்த பிறகும் ‘இன்னும் ஒரே ஒரு செய்தி’ என்று தொடர்கிறவர், தமக்குப் பின்னால் பேச வேண்டியவரின் நேரத்தை எடுத்துக்கொள்கிறார்.

1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் போர்க்களக் கல்லறைத் திறப்பு விழாவில் முதன்மைப் பேச்சாளர் ஆபிரகாம் லிங்கன் அல்லர். அந்நாளின் பெரும் நாவலர் எட்வர்ட் எவரெட். அவர் இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து எழுந்த லிங்கன் ஏறத்தாழ 270 சொற்களில், இரண்டு மூன்று நிமிடங்களில் முடித்துக்கொண்டார். மறுநாள் எவரெட்டே லிங்கனுக்குக் கடிதம் எழுதி, தாம் இரண்டு மணி நேரத்தில் நெருங்க முயன்ற மையக் கருத்தை அவர் இரண்டு நிமிடத்தில் தொட்டுவிட்டதாகப் பாராட்டினார். அந்தக் கடிதத்தை எழுதுவதற்கும் ஒரு பெருந்தன்மை வேண்டும்.

செந்தமிழில் பேச வேண்டுமா, பேச்சு வழக்கிலேயே பேசலாமா?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருடைய தயக்கத்துக்கு உண்மையான காரணம் இதுதான். வீட்டில் சரளமாகப் பேசுகிறவர்கூட மேடையில் வேறு தமிழ் வேண்டும் என்று நம்பி, அது கைவராமல் தடுமாறுகிறார்.

தமிழில் பாடலும் கூத்தும் கதாகாலட்சேபமும் பழமையானவை. ஆனால் பொதுமக்கள் முன்னே நின்று, உரைநடையில், ஒரு பொருளைப் பற்றித் தொடர்ந்து பேசும் மேடைப் பேச்சு நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதன்று. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் 1847-ல் சைவப் பிரசங்கங்களைத் தொடங்கியபோது, கிறித்தவப் பாதிரிமார்களின் பிரசங்க முறையை நன்கு அறிந்தே அந்த வடிவத்தைக் கையாண்டார். சுதேசி இயக்கக் காலத்தில் பேச்சு கோயிலிலிருந்து தெருவுக்கும் கடற்கரைக்கும் வந்தது. 1908-ல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளர்கள் உள்ளிட்ட பெருங்கூட்டங்களில் பேசினார்கள்; கோரல் ஆலை வேலைநிறுத்தம் அந்தக் காலத்தில்தான் நடந்தது, அவ்விருவரும் அந்த மார்ச்சில் கைதானார்கள். எழுத்தறியாதவருக்கும் புரிய வேண்டும் என்ற தேவை அன்றே தமிழ் மேடையின் முன் நின்றது. பின்னர் திராவிட இயக்க மேடைகளில் அடுக்குமொழி வளர்ந்தது. அண்ணாவின் பேச்சில் மோனையும் எதுகையும் இருந்தன என்பதைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு அடியில் வாதம் இருந்தது என்பதை அவரைப் பின்பற்ற முயன்ற பலர் மறந்துவிட்டார்கள். ஓசைக்காகச் சொல்லைத் தேடுகிறவரிடம் பொருள் தங்குவதில்லை.

என் பரிந்துரை இது. முழுச் சொல்லாக, முழு வாக்கியமாகப் பேசுங்கள்; ‘போயிட்டு வந்துட்டு இருந்தாங்க’ என்பதை ‘போய் வந்துகொண்டிருந்தார்கள்’ என்று சொல்லும் அளவுக்கு ஒரு நிமிர்வு மேடைக்கு அழகு. ஆனால் ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போதும் கதை சொல்லும்போதும் உங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே வரட்டும். நெல்லைக்காரர் நெல்லைத் தமிழிலும் கோவைக்காரர் கொங்குத் தமிழிலும் ஒரு வாக்கியம் சொல்லும்போது அவையில் எழும் நெருக்கத்தை எந்த அணியாலும் வரவழைக்க முடியாது. டீ, பஸ், ரேஷன் கடை என்று மக்கள் சொல்கிற சொற்களைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

உச்சரிப்பும் குரலும் சரியாக அமைய என்ன பயிற்சி செய்வது?

நாள்தோறும் பத்து நிமிடம் வாய்விட்டு வாசிப்பது. செய்தித்தாளின் ஒரு பத்தி போதும். ல, ள, ழ மூன்றும் ர, ற இரண்டும் ன, ண இரண்டும் வேறுபட்டு ஒலிக்கின்றனவா என்று கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். ‘வாழைப்பழம் அழுகிக் கொழகொழத்துக் கீழே விழுந்தது’ என்று பாட்டிமார் சொல்லிக் கொடுத்தது நல்ல பயிற்சி. வேகமாகச் சொல்லாமல், ஒவ்வொரு ழகரத்திலும் நாக்கு மடங்குகிறதா என்று பார்த்து மெதுவாகச் சொல்ல வேண்டும். தன் குரலைப் பதிவில் கேட்பது முதலில் எவருக்கும் கூசும். மண்டை எலும்பின் வழியாகவும் நம் குரலை நாம் கேட்டுப் பழகியிருப்பதால் பதிவில் அது மெலிந்து ஒலிக்கிறது. மற்றவர்கள் எப்போதும் கேட்டுவருவது அந்தக் குரலைத்தான்.

மைக்கைப் பற்றி ஒரு சொல். வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் பகரம் வெடிக்காது. கையில் பிடிக்கும் மைக்கைத் தலைப்பகுதியில் பொத்திப் பிடிக்கவும், ஸ்பீக்கருக்கு நேரே கொண்டுபோகவும் கூடாது. இரண்டினாலும் அது வீரிட்டுக் கத்தும். நிகழ்ச்சிக்கு முன்பே மைக் செட்காரரிடம் பேசிவிடுங்கள். அவர் நினைத்தால் உங்கள் குரலைக் காப்பாற்றுவார்.

பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 சதவீதமும் குரலும் உடல்மொழியும் என்பது சரியா?

சரியன்று. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட இரண்டு சிறு ஆய்வுகளிலிருந்து இந்த எண்கள் வந்தன. தனிச்சொல் ஒன்றை வெவ்வேறு தொனியிலும் முகபாவத்திலும் காட்டி, பேசுகிறவரின் விருப்பு வெறுப்பு எப்படிப் புரிந்துகொள்ளப்படுகிறது என்றுதான் பார்த்தார்கள். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே எழுதியிருக்கிறார். கையை எப்படி அசைப்பது என்று கற்றுத்தரும் வகுப்புகளில் இந்த எண்ணைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள், கருத்துக்குச் செலவிட வேண்டிய நேரத்தைச் சைகைக்குச் செலவிடுகிறார்கள். கால்கள் இரண்டையும் ஊன்றி நில்லுங்கள். ஒரு வாக்கியம் முடியும் வரை ஒருவர் முகத்தைப் பாருங்கள், அடுத்த வாக்கியத்துக்கு வேறொருவர். கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நடுவில் மறந்துவிட்டால்?

நிறுத்துங்கள். மூச்சு விடுங்கள். தண்ணீர் இருந்தால் ஒரு வாய் குடியுங்கள். கடைசியாகச் சொன்ன கருத்தை வேறு சொற்களில் மறுபடி சொல்லுங்கள். பெரும்பாலும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வந்துவிடும். வராவிட்டால் அட்டையைப் பாருங்கள். உங்களுக்கு ஒரு யுகமாகத் தோன்றும் அந்த ஐந்து நொடி, கேட்பவருக்கு நீங்கள் யோசித்துப் பேசுகிறீர்கள் என்பதாகவே தெரியும்.

பெண்கள் மேடையில் எதிர்கொள்ளும் சிக்கல் வேறு அல்லவா?

ஆம், வேறுதான். ஆணின் அச்சத்தைக் கூச்சம் என்று சொல்கிற ஊர், பெண்ணின் துணிவை வாய்த்துடுக்கு என்று சொல்லிவிடுகிறது. பல அமைப்புகளில் பெண்களுக்கு வரவேற்புரையும் தொகுத்து வழங்குவதும் குத்துவிளக்கு ஏற்றுவதும்தான் ஒதுக்கப்படுகின்றன. சிறப்புரை எப்போதும் வேறொருவருக்கு. தமிழகத்தில் 2016-ல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பதவியில் இருக்கிற பெண்ணுக்குப் பதிலாகக் கணவர் எழுந்து பேசும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. அந்த மைக்கை அவரே வாங்கிப் பேசும் நாள் ஒவ்வோர் ஊராட்சியிலும் வர வேண்டும் என்பது என் ஆசை. குரல் மெல்லியதாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், மைக்கின் ஒலியைக் கூட்டச் சொல்லுங்கள். குரலை மாற்றிக்கொள்ள முயல வேண்டாம்.

எனக்குத் திக்குவாய் உண்டு. இந்தப் பயிற்சி போதுமா?

திக்குதல் வேறு, மேடை அச்சம் வேறு. பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஒருவரை முதலில் பாருங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் இப்பிரிவு உண்டு. அதனோடு சேர்த்து மேடைப் பழக்கத்தையும் தொடரலாம். திக்கியபடியே நல்ல செய்தி சொன்னவர்களை அவை பொறுமையோடு கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பேசிப் பழக இடம் எங்கே கிடைக்கும்?

நன்றியுரையிலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் தட்டிக்கழிக்கிற அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மூன்று நிமிடம், நட்பான அவை, சொல்ல வேண்டியது என்ன என்பதும் தெளிவு. ஒவ்வொருவர் பேச்சிலிருந்தும் ஒரு வரியை எடுத்துக் குறிப்பிட்டு நன்றி சொன்னால், அன்றைய கூட்டத்தில் கவனித்துக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான் என்று எல்லோரும் நினைப்பார்கள்.

கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபையைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிலும் அது கூடுகிறது. உங்கள் தெருக் குழாயில் எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை என்பதை நாள், நேரம், வீடுகளின் எண்ணிக்கையோடு எழுந்து நின்று இரண்டு நிமிடம் சொல்லுங்கள். தேவை உண்மையாக இருக்கும் இடத்தில் சொல் தானாகவே தெளிவடையும்.

நகரங்களில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் உண்டு. தமிழில் நடக்கும் மன்றங்களும் இருக்கின்றன. 1924-ல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய இந்த அமைப்பில் ஆசிரியர் என்று எவரும் இல்லை. ஐந்து முதல் ஏழு நிமிடம் ஒருவர் பேச, இன்னோர் உறுப்பினர் அதை மதிப்பிட்டு இரண்டு மூன்று நிமிடம் பேசுவார்; ‘ம்…’, ‘வந்து…’ என்ற இழுவைகளை எண்ணுவதற்கே ஒருவர் இருப்பார்; பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரம் காட்டப்படும். மன்றம் அருகில் இல்லையென்றால் ஆறு பேர் சேர்ந்து ஒரு வீட்டு மாடியில் இதையே செய்துகொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். மதிப்பிடுகிறவர் ‘நன்றாக இருந்தது’ என்று மட்டும் சொல்வதற்கு எங்களிடம் இடமில்லை. எந்த வாக்கியம் நினைவில் நின்றது, எங்கே கவனம் சிதறியது என்று அவர் சொல்ல வேண்டும்.

எத்தனை நாளில் முன்னேற்றம் தெரியும்? அதை எப்படி அறிந்துகொள்வது?

நாள் கணக்கைவிட மேடைக் கணக்கு சரியாக வரும். எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏழெட்டு முறை உண்மையான அவை முன் பேசிய பிறகு தூக்கம் கெடுவது நின்றிருக்கிறது. மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளி விட்டுப் பேசினால் ஒவ்வொரு முறையும் அச்சம் புதிதாகத் தொடங்கும். முதல் சில பேச்சுகளை நெருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கைத்தட்டலை அளவாகக் கொள்ள வேண்டாம். பேச்சு முடிந்த அன்றிரவே, நினைவு மங்குவதற்குள், அவை எங்கே நிமிர்ந்தது, எங்கே கலைந்தது, பிறகு யார் வந்து என்ன கேட்டார் என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அந்தச் செவிலியர் இதைத் தவறாமல் செய்துவருகிறார். முதல் பள்ளியில் குரல் நடுங்கியது, நான்கு செய்திகளில் ஒன்றை மறந்தேன் என்று எழுதியிருந்தார். இரண்டாம் பள்ளிக்கான பக்கத்தில் டீ பற்றிச் சொன்னபோது எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று இருந்தது. மூன்றாம் பள்ளியின் பக்கத்தில் தம்மைப் பற்றி அவர் ஒன்றுமே எழுதவில்லை. கூட்டம் கலைந்த பிறகு ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து, காலையில் வீட்டில் சமைக்க மாட்டார்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டதையும், போடலாம் என்று தாம் சொன்னதையும் மட்டும் எழுதியிருந்தார்.